மாலை கழற்றியதும் பழைய ஆளா?

தை பிறந்து சில வாரங்களுக்குள் அட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். கார்த்திகை முதலாந் திகதி மாலை போட்டு, கடல் கடந்து சபரிமலைக்குப் போய், பதினெட்டுப் படி ஏறி வந்தவர் மறுபடி சாராயக் கடையில் நிற்கிறார். வீட்டில் மறுபடி சண்டை. ஆகவே அந்த 41 நாள் விரதமும் வேஷம். இதைச் சொல்பவர்கள் ஒரே தரப்பினர் அல்லர். உண்மையான விரதமென்றால் மலையிலிருந்து இறங்கிய பிறகும் நிலைத்திருக்கும், நிலைக்காவிட்டால் அவர் மனதில் ஐயப்பன் குடியிருக்கவேயில்லை என்கிறார்கள் பக்தியில் ஊறியவர்கள். கடன்பட்டுச் செய்த பயணம் ஆளை மாற்றவில்லையே, பிறகெதற்கு அது என்கிறார்கள் சீர்திருத்தம் பேசும் ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரரும். எதிரெதிர் அணிபோல் தெரிந்தாலும் இரு தரப்பும் ஒரே தரையில்தான் நிற்கின்றன. யாத்திரை முடிந்து வீடு திரும்புவது திரும்பியவருக்கு வைக்கும் பரீட்சை. அதை அவர் தன்னந்தனியாக எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் அதற்கு முன் செய்ததெல்லாம் பொய். இந்தக் கருத்து பிழையானது. அது தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கேடும் செய்கிறது. திரும்பி வந்தவர் நிலைப்பதும் சறுக்குவதும் பெரும்பாலும் அவரைச் சுற்றி என்ன மிஞ்சியிருக்கிறது, என்ன கலைந்துபோயிற்று என்பதைப் பொறுத்தது. கலைப்பவர்கள் நாமே.

இந்த யாத்திரை எங்கே நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடல் கடந்த பகுதி அதில் சிறியது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மதுரை, பழனி, திருச்செந்தூர் என்று வழியிலுள்ள கோயில்களைத் தரிசித்து, எருமேலி, பம்பை வழியாக மலையேறித் திரும்புவதற்கு இரண்டு வாரமளவே பிடிக்கும். மீதியெல்லாம் லயத்திலேயே நடக்கிறது. மார்கழிக் குளிரில் விடியுமுன் பீலித் தண்ணீரில் குளிப்பதும், பஜனை மடத்தில் சரணம் சொல்வதும், பிறகு பிரட்டுக் களத்துக்கு ஓடுவதும் ஒரே காலையின் வேலைகள். விரதம் என்பதற்காகக் கவ்வாத்து வெட்டும் குறையாது, கான் வெட்டும் நிற்காது. அதே மலை, அதே கங்காணி, அதே செக்ரோல். வேலை விட்டு வரும் பாதையில் அதே சாராயக் கடையும் இருக்கிறது. அங்கேதான் அந்த மனிதர் 41 நாளும் குடிக்காமல், கைநீட்டாமல், கெட்ட வார்த்தை பேசாமல் வாழ்ந்து காட்டினார். புனிதத் தலத்தின் காற்று ஒருவரைச் சிறிது காலம் மாற்றியது, ஊர்க் காற்று பட்டதும் மாற்றம் உதிர்ந்தது என்று வேறு யாத்திரைகளுக்கு வேண்டுமானால் சொல்லலாம். இங்கே அது பொருந்தாது. மாற்றம் நடந்த இடமே ஊர்தான். அவர் மனம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. 41 நாள் நிமிர்ந்து நின்ற மனம் ஒரே வாரத்தில் வேறொரு மனமாகிவிடவில்லை.

அப்படியானால் அந்த 41 நாளில் வேறாக இருந்தது எது? அவர் தனியாக இருக்கவில்லை. காலையும் மாலையும் ஒரு குழு அவரைத் தேடியது. ஒரு நாள் பஜனைக்கு வராவிட்டால் குழுவை வழிநடத்தும் குருசாமி வீடு தேடி வந்து கேட்டார். கணக்கப்பிள்ளை முதல் கடை முதலாளி வரை எல்லாரும் அவரைச் சாமி என்று அழைத்தார்கள்; நாளெல்லாம் அதட்டப்படுகிற ஒரு தொழிலாளிக்கு இப்படியொரு மரியாதை ஆண்டின் வேறெந்த மாதத்திலும் கிடைப்பதில்லை. பழைய கூட்டாளிகளும் அவரைக் குடிக்கக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் பாவம் என்று அஞ்சினார்கள். வீட்டில் அவருக்கெனத் தட்டு, பாய், தனிச் சமையல் எல்லாம் ஒழுங்காயின. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1935இல் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கி இன்று உலகெங்கும் பரவியுள்ள குடி மறந்தோர் கூட்டங்கள் கண்டறிந்த உண்மை இதைவிடப் பெரியதல்ல: குடியை விட்டவருக்கு வாராவாரம் முகம் பார்த்துப் பேச, அதே பாதையில் வந்த நாலு பேர் வேண்டும். எத்தனை வருடம் குடிக்காமல் இருந்தவரும் அந்தக் கூட்டங்களுக்குப் போவதை விடுவதில்லை. நம் தோட்டங்களில் அப்படியொரு கூட்டத்தை எவரும் கற்றுத் தராமலே கார்த்திகையில் கட்டுகிறோம். தை பிறந்ததும், அது மிகவும் தேவைப்படுகிற அன்றைக்கே, தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றிக் கலைத்துவிடுகிறோம். பிறகு ஆள் சறுக்கினால் அவரது பக்தியில் குறை காண்கிறோம்.

ஊர்ப் பேச்சு இன்னொரு தவறையும் செய்கிறது. சாராயக் கடையில் நிற்கும் ஒருவர் எல்லார் கண்ணிலும் படுகிறார். அந்தப் பக்கமே போகாமல் வீட்டிலிருக்கும் நால்வரை யாரும் எண்ணுவதில்லை. போனவரையும் போகாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் யாத்திரை மாற்றியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. பாகிஸ்தானில் 2006இல் ஹஜ் பயணத்துக்கு விண்ணப்பித்தவர்களில் யார் போவது என்பது குலுக்கலில் முடிவாயிற்று. பொருளியல் ஆய்வாளர் சிலர், குலுக்கலில் தேர்வானவர்களும் தேர்வாகாதவர்களுமாக 1,600க்கு மேற்பட்டோரை, பயணம் முடிந்து பல மாதம் கழித்துச் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். போய் வந்தவர்களிடம் தொழுகை, நோன்பு போன்ற கடமைகள் கூடியிருந்தன. அதைவிட முக்கியமாக, பிற இனத்தவரையும் பிற பிரிவினரையும் சமமாகப் பார்ப்பதும், பெண்கள் படிப்பதையும் வேலைக்குப் போவதையும் ஏற்பதும் அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன. சபரிமலையும் மக்காவும் ஒன்றல்ல, ஒன்றின் முடிவை மற்றதில் அப்படியே ஒட்டிவிடவும் கூடாது. ஆனாலும் நீண்ட யாத்திரையின் பலன் திரும்பிய மறுவாரமே ஆவியாகிவிடும் என்பது நிரூபிக்கப்பட்ட விதியல்ல என்பதற்கு இது போதும். எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. சாராயக் கடை வாசலை மட்டும் பார்ப்பவருக்கு, மகளின் உயர்தரப் படிப்பைப் பற்றித் தகப்பன் வீட்டில் பேசும் தொனி மாறியிருந்தால் தெரியப்போவதில்லை.

ஐயப்ப வழிபாட்டு மரபேகூட இந்தப் பரீட்சையை வைத்ததில்லை. முதல் முறை போகிறவர் கன்னிச்சாமி. ஆண்டுக்கு ஆண்டு போய்ப் பதினெட்டாவது முறை தென்னங்கன்று நட்டவர், மற்றவர்களை வழிநடத்தும் தகுதி பெற்றவர் என்று மதிக்கப்படுகிறார். ஒரே பயணத்தில் மனிதன் முழுக்கத் திருந்திவிடுவான் என்று நம்பிய மரபாக இருந்திருந்தால் பதினெட்டு என்ற கணக்குக்கு அங்கே வேலையில்லை. மனிதன் சறுக்குவான், மறு கார்த்திகையில் மறுபடி மாலை போடுவான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நிலைப்பான் என்ற பொறுமை அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது. "உண்மையான சாமி சறுக்கமாட்டார்" என்று சொல்லும் பக்தர்கள் தங்கள் மரபைவிடக் கடுமையாக நடந்துகொள்கிறார்கள்.

திரும்பிய பின் சறுக்கல் எப்போது நேர்கிறது என்பதைச் சம்பள நாள்காட்டி ஏறக்குறையச் சொல்லிவிடும். மகரஜோதி வழக்கமாக ஜனவரி 14இல். அதைத் தரிசித்துத் திரும்புகிறவருக்கு ஜனவரியின் பெரும்பகுதி வேலையில்லாமல் கழிந்திருக்கும். தோட்டத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஜனவரிக்கான சம்பளம் பெப்ரவரி பத்தாந் திகதி கைக்கு வரும். ஆண்டிலேயே மெலிந்த சம்பளத் துண்டு அதுதான். அந்தத் துண்டிலிருந்துதான் தீபாவளி முற்பணத் தவணையும், ஊழியர் சேமலாப நிதியும், சங்கச் சந்தாவும் கழியும். பயணத்துக்கு வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கேட்பவரும் அன்றுதான் இஸ்தோப்பில் வந்து உட்காருவார். பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி என்று வீட்டுச் செலவும் அதே வாரத்தில் நிற்கும். மூன்று வாரத்துக்கு முன் ஊரே சாமி என்று அழைத்த மனிதர் கையில் சில நூறு ரூபாவோடு, கூட்டமில்லாமல், மரியாதையில்லாமல், கடன்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். பழைய கூட்டாளிக்கு இப்போது அவரைக் கூப்பிடத் தடையில்லை. இந்த நாளில் ஒருவர் சறுக்கினால் ஐயப்பன்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை போலி என்று எந்த நியாயத்தில் சொல்வது?

"அப்படியானால் குடிகாரனுக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள், எல்லாம் சூழ்நிலை என்றால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பார்கள். பொறுப்பு உண்டு, விரதத்துக்குப் பிறகு அது கூடுகிறது. 41 நாள் மனைவிமேல் கைவைக்காமல் இருக்க முடிந்தவர், பிறகு அடித்துவிட்டுக் கோபத்தை அடக்கத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரியும் என்பதற்கு ஊரே சாட்சி. அடிக்கு மன்னிப்பில்லை, அது பொலிசுக்குப் போக வேண்டிய விடயம். குடி வேறு. பல வருடம் நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பு அதற்கு அடிமைப்பட்டிருக்கும். அப்படிப்பட்டவர் மாலை போட்ட நாளில் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம்வரை போகலாம், உயிராபத்தும் உண்டு. மாலை போடுமுன் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது குருசாமியின் கடமைகளில் ஒன்றாக வேண்டும். திரும்பிய பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. இரண்டு மாதம் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரே நாளில் பழைய அளவைக் குடிப்பவர் முன்பைவிட மோசமாக விழுகிறார். இதையெல்லாம் வேஷம் என்று பெயரிட்டு ஒதுக்குவதால் நடப்பது ஒன்றுதான்: சறுக்கியவர் வெட்கப்பட்டு மடத்துப் பக்கம் வருவதை நிறுத்துகிறார். முதல் சறுக்கலுக்கும் முழு வீழ்ச்சிக்கும் நடுவில் அவரைப் பிடித்து நிறுத்தக்கூடியவர்கள் இருந்த ஒரே இடம் அந்த மடம்.

பெண்களின் பக்கமிருந்து வரும் மறுப்புத்தான் மிகக் கனமானது. அதை லேசாகக் கடந்துபோக முடியாது. மாலை போட்டவரின் விரதத்தை உண்மையில் நடத்துபவர் மாலை போடாத பெண். அவரும் பகலெல்லாம் கொழுந்து பறித்து, கிலோ நிறையாவிட்டால் அரைப் பேருக்கு அஞ்சி வேலை செய்பவர். கணவருக்கு முன் எழுந்து, வீட்டைக் கழுவி, தனிப் பாத்திரத்தில் சமைத்து, தன் ஆசைகளையும் அடக்கி அந்த 41 நாளைக் கொண்டுசெல்கிறார். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் விலகியிருக்க இடமில்லாததால் மாதவிலக்கு நாட்களில் தாய் வீட்டுக்கோ பக்கத்து லயத்துக்கோ போய்விடுகிறார். கணவர் இந்தியாவில் இருக்கும் நாட்களில் பிள்ளையும், கிழவியும், கடனும், அடுப்பும் அவர் தலையில். அந்த மலைக்கு அவர் போகலாமா என்பதோ இந்திய உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு. 2018 செப்ரெம்பர் 28இல் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். 2019 நவம்பரில் விடயம் மேலும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இத்தனை சுமையைப் பெண்மீது ஏற்றும் ஒழுங்கை மாலை கழற்றிய பிறகும் நீட்டச் சொல்வது எந்த நியாயம் என்று கேட்டால், அந்தச் சுமையை நீட்டச் சொல்லவில்லை. அதை இறக்கிவைக்க வேண்டிய நேரமே திரும்பி வரும் நாள் என்கிறேன். விரதத்தில் அந்த ஆண் தன் வேட்டியைத் தானே துவைத்தார், தட்டைத் தானே கழுவினார், மடத்தைக் கூட்டினார், அன்னதானத்துக்குக் காய் வெட்டிச் சோறு வடித்தார். இவ்வளவும் தெரிந்தவர் திரும்பிய மறுநாள் தேத்தண்ணிக்குக்கூட மனைவியைக் கூப்பிட்டுக் காத்திருப்பதற்கு மரபில் ஆதாரமில்லை. வீட்டு வாழ்க்கைக்குத் திரும்புதல் என்பதை ஆண் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் நாளாக நாம் புரிந்துவைத்திருக்கிறோம். சறுக்கலின் தொடக்கம் சாராயத்துக்கு முன்பே இங்கே இருக்கிறது. பிரசாதமாக அரவணையும் அப்பமும் கொண்டுவந்து கொடுத்தால் மனைவியின் 41 நாள் உழைப்புக்குக் கணக்குத் தீராது.

கடன் பற்றிய சீர்திருத்தவாதிகளின் கேள்வி நியாயமானது, அவர்கள் வந்தடையும் முடிவுதான் பிழை. 2026 ஜனவரியிலிருந்து நாட்சம்பளம் 1,550 ரூபா, வருகை ஊக்கத்தொகை 200 ரூபா. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 43,750 ரூபாதான், அதிலும் கழிவுகள் உண்டு. விமானச் சீட்டு, விசா, வாகனம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்த செலவு இதில் அடங்காது. வட்டிக்கு வாங்கிப் போகிறவர் வட்டியோடுதான் திரும்புகிறார், அது வீட்டு நிம்மதியைக் கெடுக்கிறது. இதற்கு மருந்து யாத்திரையைக் கேலி செய்வதில் இல்லை. தொழிலாளி தன் உழைப்பில் ஒரு பங்கைச் சாமிக்குச் செலவிடுவதை வீண் என்று சொல்லும் உரிமை அவருக்கு ஒழுங்கான சம்பளம் வாங்கிக் கொடுக்காத நமக்கு இல்லை. பயணத்துக்கான பணம் தை மாதத்திலேயே குழுவாகச் சீட்டுப் பிடித்துச் சேர வேண்டும். சேராத வருடம் உள்ளூர் ஐயப்பன் கோயிலில் இருமுடி இறக்குவதைக் குறைவாகப் பார்க்கும் வழக்கம் போக வேண்டும். விரதத்தின் பெரும்பகுதி லயத்தில்தான் நடக்கிறது என்றால், கடல் கடக்காதவரும் பெரும்பகுதியை நிறைவேற்றியவரே. இலங்கை அமைச்சரவை 2025 நவம்பரில் சபரிமலைப் பயணத்தை அரச அங்கீகாரம் பெற்ற யாத்திரையாக ஏற்றது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் போகிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் யாத்திரை என்றதும் அரசும் நாமும் போகும் வழியையே நினைக்கிறோம். 15,000 வீடுகளுக்குத் திரும்பி வரும் வழி எவருடைய திட்டத்திலும் இல்லை.

இந்தியாவுக்குப் போய் வீடு திரும்புவது மலையகத்தாருக்கு எப்போதும் வாய்த்த காரியமுமல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகள் பிரிக்கப்பட்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு வந்தால் அது போவதற்கு மட்டுமான சீட்டு. தலைமன்னாரில் கப்பலேறியவர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலை மலையைத்தான் கண்டார், அட்டனுக்குத் திரும்பவில்லை. நாடற்றவராக இருந்த மற்றவருக்கோ கடவுச்சீட்டே இல்லை. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே இந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டோடு ஒரு லயத்துத் தொழிலாளி இந்தியாவுக்குப் போய், சாமி கும்பிட்டு, தன் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. "இவ்வளவு செலவழித்து அங்கே எதற்கு" என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் திரும்பி வரும் வீடோ இன்னும் பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தமான லயக் காம்பராதான், காணி உறுதி கையில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில், விரத காலத்திலேயே, டித்வா புயல் மலையகத்தை மண்சரிவுகளால் நொறுக்கியது. திரும்பி வந்தவரை நிலைக்கச் சொல்லும் சமூகம், அவர் நிலைக்க ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். சங்கங்களின் வேலை அது. சாமிமாரின் ஒழுக்கத்துக்குப் புள்ளி போடுவது அவர்கள் வேலையல்ல.

குருசாமிமாரிடம் கேட்க ஒன்று உண்டு. கார்த்திகையில் அந்த மனிதரைச் சேர்த்துக் கட்டியவர்கள் நீங்கள். மாலை கழற்றும் அன்று குழுவையும் சேர்த்துக் கழற்றாதீர்கள். ஆண்டு முழுவதும் விரதம் இருக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம், மரபு அதைக் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு மாலை போதும், அது சம்பள நாளாக இருக்கட்டும். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுங்கள், வராதவரின் காம்பராவுக்கு இரண்டு பேர் போய்ப் பாருங்கள், சறுக்கியவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் உள்ளே உட்கார வையுங்கள். அந்தக் கூட்டத்தில் வீட்டுப் பெண்களுக்கும் பாய் விரியுங்கள். வீட்டில் எப்படிப் போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். எதிர்வரும் பெப்ரவரி பத்தாந் திகதி பின்னேரம் ஆறு மணிக்குப் பஜனை மடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்.